புது பி.எஸ்.6 டீசல் பிக்அப்பில் வரும் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

3.5 டன்னுக்கு உட்பட்ட பிக்அப், குட்டி யானை வகை டீசல் வண்டிகளைப் புதிதாக எடுத்தவர்களிடமிருந்து முதல் இரண்டு வருடத்தில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிப்படி செய்த வண்டிகளுக்குப் பொருந்தும். பழைய வண்டியில் கைபழகிய பல வழக்கங்கள் இவற்றுக்கு ஒத்துவராது. பாதிக் கோளாறு அங்கிருந்துதான் வருகிறது. மாடலுக்கு மாடல் மாறும் அளவுகளுக்கு, வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

1. புது வண்டிதானே, மொத நாளே ஃபுல் லோடு ஏத்தலாமா?

வேண்டாம். முதல் 1,000 முதல் 1,500 கி.மீ. வரை பாதி லோடு, முக்கால் லோடு என்று ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவதும் நல்லதில்லை. வேகம் கூடிக் குறைந்து ஓடினால்தான் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு சரியாகப் படியும். பெரிய கியரில் எஞ்சினைத் திணறவிட்டு மேடு ஏறுவதையும், ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் கொடுப்பதையும் தவிருங்கள்.

பலர் மறப்பது வீல் நட்டையும், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடித்து வைக்கும் யூ போல்ட்டையும். புது வண்டியில் பெயின்ட் பூச்சுக்கு மேல் நட் உட்கார்ந்திருக்கும்; ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கி இறுக்கம் குறையும். ஸ்பிரிங் பட்டைகளும் முதல் லோடில்தான் ஒன்றோடொன்று படியும். அதனால் முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, முதல் பெரிய லோடு இறக்கியதும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். வட்டமாக வரிசையாக இறுக்காமல், எதிரெதிர் நட்டாக இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு நட்டுக்கும் அதன் பக்கத்துப் பரப்புக்கும் சேர்த்துப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நட் தளர்ந்தால் கோடு விலகி நிற்கும். காலையில் வண்டியைச் சுற்றி வரும்போதே தெரிந்துவிடும். யூ போல்ட் தளர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் சென்டர் போல்ட் வெட்டுப்படும், ஆக்ஸில் நகரும்.

2. டேஷ்போர்டுல மஞ்சள் லைட்டும் வருது, சிவப்பும் வருது. எதுக்கு வண்டிய நிறுத்தணும்?

சிவப்பு எது எரிந்தாலும் ஓரங்கட்டுங்கள். ஆயில் பிரஷர் லைட் என்றால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட்டினால்கூட பேரிங் பிடித்துவிடலாம். சூடு ஏறும் லைட் என்றால் ஓரம் நிறுத்தி, ஏ.சி. இருந்தால் அணைத்து, ஐடிலில் விட்டு முள் இறங்குகிறதா என்று பாருங்கள். ஆவி வந்தாலோ கூலன்ட் ஒழுகினாலோ உடனே அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மஞ்சள் எஞ்சின் லைட் நிலையாக எரிந்து, வண்டி இழுவை குறையாமல் ஓடினால் அந்த நடையை முடித்துவிட்டு சர்வீஸுக்குப் போகலாம். ஆனால் நாள் தள்ளாதீர்கள். காரணம் 4-வது கேள்வியில் இருக்கிறது.

3. சின்ன டப்பாக்குள்ள புள்ளி வச்ச மாதிரி ஒரு லைட் எரியுது. இது என்ன?

அது டி.பி.எஃப்., அதாவது சைலன்சர் பாதையில் டீசல் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். பிடித்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். ஷெட்டில் ரீஜென் என்பார்கள். கரி எரிய ஃபில்டருக்குள் சுமார் 550 முதல் 600 டிகிரி சூடு வேண்டும். ஊருக்குள் நின்று நின்று ஓடினால் அந்தச் சூடு கிடைக்காது. கரி சேர்ந்துவிட்டது, எரிக்க வாய்ப்புக் கொடு என்பதுதான் அந்த லைட்டின் பொருள்.

லைட் எரிந்த அன்றே வண்டியைப் பைபாஸில் ஏற்றி, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்.பி.எம். சுற்றி வைத்து, 50–60 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் 15 முதல் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். லைட் அணையும்வரை எஞ்சினை அணைக்காதீர்கள். ரீஜென் நடக்கும்போது ஐடில் சற்று ஏறும், ரேடியேட்டர் ஃபேன் சத்தம் கூடும், சூடான வாடை வரும். இவை பழுது அல்ல. அந்த நேரத்தில் சைலன்சர் கடுமையாகச் சூடாக இருக்கும். வைக்கோல், கரும்புத் தோகை, காய்ந்த புல் கிடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. களத்து மேட்டுக்குப் போகும் வண்டிக்காரர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த லைட்டோடு எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்தால் ஓட்டிச் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். சர்வீஸில் ஸ்கேனர் மாட்டி, நின்ற நிலையில் ரீஜென் செய்வார்கள். அதையும் தள்ளிப்போட்டால் ஃபில்டரையே மாற்ற வேண்டி வரும், விலை அதிகம்.

4. டவுனுக்குள்ள பால், தண்ணி கேன் போடற வண்டி. வாரா வாரம் இந்த லைட் வருது. வண்டியே கோளாறா?

முதலில் ஓட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நடையும் நாலைந்து கிலோமீட்டர் என்றால் இந்த லைட் அடிக்கடி வரத்தான் செய்யும். வாரம் ஒன்றிரண்டு முறை மேலே சொன்னபடி நீள ஓட்டம் கொடுங்கள். டீசலைக் குறைவாக வைத்து ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள். டேங்க் ரிசர்வில் இருந்தால் பல வண்டிகள் ரீஜெனைத் தொடங்காது. வண்டியின் கம்ப்யூட்டரில் வேறு கோளாறுக் குறியீடு (எர்ரர் கோட்) பதிவாகி இருந்தாலும் தொடங்காது. எஞ்சின் லைட்டோடு வாரக்கணக்கில் ஓட்டினால் டி.பி.எஃப். அடைவது இதனால்தான்.

நெடுஞ்சாலையில் ஓடியும் லைட் திரும்பத் திரும்ப வந்தால் அது வண்டியின் கோளாறு. நான்கு இடங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தே நின்று எஞ்சின் சூடாகாமல் இருக்கலாம். இன்ஜெக்டர் அதிகமாக டீசல் தெளிக்கலாம். எஞ்சின் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு சிக்கியிருக்கலாம். டி.பி.எஃப்-பின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சார், அல்லது அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் கெட்டிருக்கலாம். அந்தக் குழாயில் வெடிப்பு விழுந்திருந்தால் ஃபில்டரில் கரி இருக்கும் அளவே கம்ப்யூட்டருக்குத் தப்பாகப் போகும். சின்ன குழாய் விஷயத்துக்காக ஃபில்டரை மாற்றிய கதையாகிவிடக் கூடாது.

5. டிப் ஸ்டிக்ல ஆயில் குறையாம ஏறிக்கிட்டே போகுதே, நல்லதுதானே?

நல்லதில்லை. ரீஜெனுக்காகச் சூட்டை ஏற்ற, எஞ்சின் கடைசி நேரத்தில் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளிக்கும். ரீஜெனைப் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். அளவு மேல்கோட்டைத் தாண்டினாலோ, ஆயில் தண்ணீர்போல ஓடி டீசல் வாடை அடித்தாலோ, கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். நீர்த்த ஆயில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் பேரிங்கை முதலில் தின்னும்.

மாற்றும்போது கையேட்டில் குறிப்பிட்ட தரத்தையே கேட்டு வாங்குங்கள். டி.பி.எஃப். வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் தனியாக உண்டு. கரியை ரீஜென் எரித்துவிடும், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது. அது ஃபில்டரிலேயே தங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

6. என் வண்டிக்கு யூரியா ஊத்தணுமா? உர யூரியாவக் கரைச்சு ஊத்தினா என்ன?

எல்லா பிக்அப்புக்கும் தேவையில்லை. டீசல் மூடிக்குப் பக்கத்திலோ வேறிடத்திலோ நீல மூடி போட்ட தனி டேங்க் இருந்தால் மட்டும் டெஃப் என்ற யூரியாக் கரைசலை ஊற்ற வேண்டும். அது 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி தாது நீக்கிய நீரும் கலந்தது. கேனில் ஐ.எஸ்.ஓ. 22241 என்று அச்சிட்டிருக்கிறதா, தேதி எப்போது என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைத்த கேன் சீக்கிரம் கெடும்.

உர யூரியாவைக் கரைத்து ஊற்றவே ஊற்றாதீர்கள். வயலுக்கு வரும் மானிய யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், வேறு கலப்பும் இருக்கும். அது தெளிப்பான் துளையில் வெள்ளைப் படிகமாகக் கட்டிக்கொண்டு, பின்னால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டையும் கெடுக்கும். குழாய்த் தண்ணீர் கலந்தாலும் தரம் பார்க்கும் சென்சார் கண்டுபிடித்து எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். இந்தச் செலவு வாரண்டியில் வராது.

7. டெஃபைத் தவறி டீசல் டேங்க்ல ஊத்திட்டேன். கொஞ்சம்தான். ஓட்டலாமா?

சாவியைக்கூடப் போடாதீர்கள். டெஃப் டீசலைவிடக் கனமானது. அடியில் போய் உட்காரும், டீசல் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. பம்ப்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்தால் செலவு எங்கேயோ போய்விடும். வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டுபோய் டேங்கைக் கழற்றிக் கழுவுவதுதான் வழி. டெஃப் டேங்கில் டீசல் ஊற்றினாலும் இதே கதிதான்.

8. போயிட்டு இருக்கும்போதே வண்டி இழுக்கல. ஆக்ஸிலேட்டர மிதிச்சாலும் ஏறல. ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடுது. என்ன இது?

லிம்ப் மோடு. ஏதோ ஒரு சென்சார் கணக்கு தப்பாக வந்ததும், எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்து, ஷெட்டுக்குப் போகும் அளவு மட்டும் ஓடவிடும். அணைத்துப் போட்டால் சரியாவது கோளாறு தீர்ந்ததன் அடையாளம் இல்லை. வீதியோரத்தில் செய்யக்கூடிய சோதனை மூன்று: ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ஹோஸ் கழன்றதா அல்லது கிழிந்ததா, டீசல் ஃபில்டரில் தண்ணீர். லோடு ஏற்றி மிதிக்கும்போது உஸ்ஸென்று காற்றுச் சத்தமும் கறும்புகையும் வந்தால் பெரும்பாலும் அந்த ஹோஸ்தான். கிளாம்ப் இருக்கும் இடத்தைச் சுற்றி எண்ணெய்க் கசிவுத் தடம் தெரியும்.

சர்வீஸில் ஸ்கேனர் மாட்டியதும், கோளாறுக் குறியீட்டை அழிப்பதற்கு முன் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பி0087 என்றால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. பி0299 என்றால் டர்போ தரும் காற்றழுத்தம் குறைவு. பி0401 இ.ஜி.ஆர். ஓட்டக் குறைவு. பி2463 டி.பி.எஃப்-பில் கரி நிறைந்தது. குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பக்கத்தையும் கேளுங்கள்; கோளாறு வந்த நொடியில் இருந்த வேகம், ஆர்.பி.எம்., சூடு அதில் பதிவாகி இருக்கும். அழித்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். 14-வது கேள்விக்கு இது ரொம்ப உதவும்.

வண்டி 80 கி.மீ. வரை நன்றாக இழுத்து அதற்குமேல் மட்டும் ஏறவில்லை என்றால் அது பழுது இல்லை. சரக்கு வண்டிகள் பலவும் அந்த வேகக் கட்டுப்பாட்டோடுதான் வருகின்றன.

9. டீசல் ஃபில்டர்ல தண்ணி லைட் வந்தா நானே எடுக்கலாமா?

எடுக்கலாம். எஞ்சினை அணைத்து, ஃபில்டர் அடியில் ஒரு பாட்டிலைப் பிடித்து, அங்கிருக்கும் பிளாஸ்டிக் திருகைக் கையாலேயே தளர்த்துங்கள். ஸ்பேனர் போட்டால் உடையும். முதலில் தண்ணீர் வரும், பிறகு டீசல் வரும். சுத்த டீசல் வந்ததும் மூடுங்கள். ஃபில்டருக்கு மேல் கைப் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பாட்டிலில் பிடித்ததைக் கொட்டாதீர்கள். நிறைய தண்ணீர் வந்தால், பங்க் ரசீதோடு அது சாட்சியாகும்.

பழைய வண்டியில் செய்ததுபோல இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வேலை இதில் கூடவே கூடாது. காமன் ரெயிலில் 1,600 பார் வரை, சில எஞ்சின்களில் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் கையே போகும் அளவு காயம் அது.

10. 15,000 கிலோமீட்டர்லயே கிளட்ச் போயிடுச்சு. வாரண்டி கிடையாதுங்கறாங்க.

கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், வைப்பர் எல்லாம் தேய்மானப் பொருள் என்று வாரண்டி புத்தகத்தில் எழுதியிருக்கும். ஆனால் தேய்ந்ததா, உடைந்ததா என்று பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். கியர் பாக்ஸ் இறக்கும்போது நேரில் நில்லுங்கள். பிளேட் ஒரே சீராக மெலிந்து, ஃபிளைவீலில் நீலம் பாரித்த சூட்டுத் தழும்பு இருந்தால் அது ஓவர்லோடு, அரை கிளட்ச், மேட்டில் பிரேக்குக்குப் பதில் கிளட்சில் வண்டியை நிறுத்தியது ஆகியவற்றின் அடையாளம். லைனிங் தடிமன் அப்படியே இருந்து ரிவெட் பிய்ந்திருந்தாலோ, நடு ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, எஞ்சின் பின் சீல் கசிந்து பிளேட் எண்ணெயில் ஊறியிருந்தாலோ அது ஓட்டியவர் தவறு இல்லை. போட்டோ எடுத்து, வாரண்டியில் எழுத்து மூலம் கேளுங்கள்.

11. காலியா போனா பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது, லோடு ஏத்தினா உக்காருது. பட்டை ஒண்ணு சேத்துக்கலாமா?

காலியில் துள்ளுவது லோடுக்காகச் செய்த ஸ்பிரிங்கின் இயல்பு. கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனிக் காற்றழுத்தம் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், துள்ளல் குறையும்.

பட்டை சேர்ப்பதில் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. பல பிக்அப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பியும் வால்வும் இருக்கும். வண்டி எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் தரலாம் என்று அது முடிவு செய்யும். பட்டை சேர்த்தால் லோடிலும் வண்டி உயர்ந்தே நிற்கும். வால்வு காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைக்கும். ஒன்றரை டன் ஏற்றிய வண்டி முன் பிரேக்கை மட்டும் நம்பி நிற்க வேண்டிய நிலை அது. தவிர, ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். வாரண்டியும் அத்தோடு முடியும்.

12. டயர் ஒரு பக்கம் மட்டும் தேயுது. ஷோரூம்ல டயர் கம்பெனிய பாருங்கறாங்க.

டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் அவற்றைச் செய்த நிறுவனமே வாரண்டி தரும். ஆனால் தேய்மானத்துக்குக் காரணம் வண்டியாக இருந்தால் சரிசெய்ய வேண்டியது வண்டி நிறுவனம். கையால் தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வழுவழுப்பும் எதிர்த் திசையில் ரம்பம்போல் சொரசொரப்பும் இருந்தால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு தப்பு. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம். குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங். அலைன்மென்ட் எடுத்த அச்சுத் தாளை, திருத்துவதற்கு முன்பு இருந்த அளவோடு சேர்த்து வாங்கி வையுங்கள்.

13. வெளில ஹாரன், லைட், ஜி.பி.எஸ். போட்டா வாரண்டி போயிடுமா? டி.பி.எஃப்-ஐயே எடுத்துட்டு எஞ்சின் கம்ப்யூட்டர்ல மேப்பிங் மாத்தித் தரேங்கறாங்களே?

ஒயரை வெட்டி முறுக்கி இணைத்திருந்தால், பின்னால் வரும் எந்த எலக்ட்ரிக்கல் கோளாறையும் அதன் தலையில் கட்டிவிடுவார்கள். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே வைத்துத் தனி ஒயர் இழுங்கள்; சென்சார் ஒயர்க் கட்டைத் தொடவிடாதீர்கள்.

டி.பி.எஃப். எடுப்பது சட்டப்படி தவறு. புகைச் சோதனையிலும், புது வண்டிக்கு இரண்டு வருடம் கழித்து வரும் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையிலும் மாட்டும். எஞ்சின் வாரண்டி முழுக்கப் போகும். டவுன் ஓட்டத்தில் லைட் வருகிறது என்பதற்காக இந்த முடிவுக்குப் போகிறவர்கள் முதலில் 4-வது பதிலைச் செய்து பார்க்கட்டும்.

14. சர்வீஸ்ல விட்டா 'செக் பண்ணோம், பிராப்ளம் எதுவும் இல்ல'ன்னு திருப்பி அனுப்பறாங்க. என்ன பண்றது?

விட்டு விட்டு வரும் கோளாறு ஷெட்டில் நிற்கும்போது வராது. எப்போது வருகிறது என்று குறித்து வையுங்கள்: காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா, எந்த கியரில், எத்தனை லோடில், மேட்டிலா சமதளத்திலா. வந்த நேரத்தில் டேஷ்போர்டை வீடியோ எடுங்கள். பிறகு மெக்கானிக்கை உட்காரவைத்து, அதே லோடில், அதே ரோட்டில், ஸ்கேனர் மாட்டியபடி ஓட்டிக் காட்டுங்கள்.

சர்வீஸில் வேலையைப் பதியும் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே புகாரை எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். பழுது இல்லை என்று திருப்பினாலும் அந்த முடிவு எழுதிய நகலை வாங்குங்கள். ஓடோமீட்டர் அளவும், விட்ட தேதியும், எடுத்த தேதியும் அதில் இருக்க வேண்டும். வாரண்டி முடியும் முன் பதிவான கோளாறு என்று பிறகு நிறுவ இந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.

15. ஒரே கோளாறு நாலாவது தடவை. வண்டிய மாத்திக் கேக்கலாமா? தொழிலுக்கு வாங்கின வண்டிக்குக் கன்ஸ்யூமர் கோர்ட் இல்லைங்கறாங்களே?

டீலரோடு நிற்காமல், வண்டி தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஜாப் கார்டு நகல்களோடு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட் தபாலும் அனுப்புங்கள். பதில் சொல்ல 15 நாள் போல ஒரு கெடு கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியலாம்.

தொழில் வண்டிக்கு வழியே இல்லை என்பது முழு உண்மை இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோராகவே ஏற்கிறது. ஒரே வண்டி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் மனுப் போடலாம். அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். பல வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் நிறுவனத்துக்கு இந்த வழி கடினம், சிவில் வழக்குதான். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

புது வண்டியே வேண்டும் என்று கேட்பதற்கு, தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிக்க வேண்டும். நிபுணர் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்கலாம். அது முடியாத இடத்தில் இலவசப் பழுது நீக்கம், வாரண்டி நீட்டிப்பு, ஓடாத நாளுக்கு இழப்பீடு என்று மாற்றுக் கோரிக்கைகளையும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

16. வண்டி ஒரு மாசமா ஷெட்ல நிக்குது. டியூ கட்டாம இருந்தா என்ன?

கட்டிவிடுங்கள். கடன் கொடுத்தவருக்கும் வண்டியின் கோளாறுக்கும் சம்பந்தம் இல்லை. டியூ தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள், கோளாறுள்ள வண்டி உங்கள் கையைவிட்டுப் போனால் சோதனைக்கே வழியில்லாமல் போகும். அந்த மாதத்து டியூ ரசீது, வாடகைக்கு வேறு வண்டி பிடித்த பில், ரத்தான லோடுக்கான வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வைத்தால், மேலே சொன்ன இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அவைதான் கணக்கு.